சாரா டீச்சர் லண்டனில் பிறந்தவள்

12 செப்டம்பர் 2023

கௌரி,

வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. போனில் கூப்பிடவில்லை என்று கோபப்படாதே. மண்டபம் முகாமில் உங்கள் வீடு ஒற்றை அறை. நீ என்னோடு பேசினால் உன் அப்பாவுக்குக் கேட்கும், தடுப்புக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நான் சொல்லப்போவதெல்லாம் ஊருக்கே கேட்க வேண்டியதில்லை. அதனால் மின்னஞ்சலாக எழுதுகிறேன். நீயும் பள்ளிக்கூடத்து இடைவேளையில் படித்துவிட்டு எழுது.

இது வியட்நாமின் வடக்குப் பக்கம், ஹனோயிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சிறிய ஊர். எங்கு திரும்பினாலும் வயல். எங்கள் அய்யா பார்த்தால் அழுதுவிடுவார், இவ்வளவு தண்ணீரை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. எனக்கு ஒரு மாடி அறை, ஜன்னலுக்கு வெளியே மின்கம்பிகளின் பின்னல். நான் வேலை பார்க்கும் ஆங்கில மையம் நடந்து போகும் தூரம். பிள்ளைகள் சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து வருவார்கள்.

முதல் நாள் உரிமையாளர் மேடம் ஹன் என்னை உட்காரவைத்து, "உன் பெயர் பெற்றோர் வாயில் நுழையாது. இங்கே உன் பெயர் சாரா," என்றார். சரி என்றேன். "நீ லண்டனில் பிறந்தவள்," என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் என் படத்தைப் பெரிதாக ஒட்டி, பக்கத்தில் பிரிட்டிஷ் கொடியும் ஒட்டிவிட்டார்கள். இந்தியாவில் பிறந்தவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் பெற்றோர் பணம் கட்டமாட்டார்களாம்.

தலைமை ஆசிரியர் கேரத் என்று ஒருவர். அவர் நிஜமான இங்கிலாந்துக்காரர். ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது, "சாரா, லண்டனில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் குனிந்து பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

எழுது.

சத்யா


16 செப்டம்பர் 2023

லண்டனில் பிறந்தவளே,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் உமாமகேஸ்வரி டீச்சர் நோட்டுத் திருத்துவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை அந்த மனுஷன் கேட்டால் கிராய்டன் என்று சொல். என் மாமி மகள் அங்கேதான் இருக்கிறாள். ஸ்டேஷன் இருக்கிறது, மழை பெய்கிறது, தமிழ்க்கடை இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். தமிழ்க்கடையை மட்டும் சொல்லிவிடாதே.

உன்னுடைய ஏழாம் வகுப்பு பி பிரிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். சம்பளம் கூடவில்லை. பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். அதிலே ஒருத்தி, "நீங்க ஏன் மிஸ் போகலை?" என்றாள். பாடத்தைத் திற என்று சொல்லிவிட்டேன்.

அந்த வியட்நாம் வேலை விளம்பரத்தை நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். பாஸ்போர்ட் எண் கேட்ட இடத்தோடு நான் நின்றுவிட்டேன். உனக்கு வகுப்பு எடுத்துக் காட்டும் நேர்காணல் வந்தபோது நான்தான் மாணவியாக உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பதில் சொன்னேன், நினைவிருக்கிறதா? பொறாமையில் எழுதவில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

அப்பா இலங்கையில் உள்ள ஊருக்குத் திரும்பிப் போக ஐ.நா.காரர்களிடம் பெயர் கொடுத்திருக்கிறார். என் பெயரையும் சேர்த்துத்தான். நான் கேட்டதற்கு, "பிள்ளை, சாகிறதுக்குள்ள ஒரு இடத்தில நானும் சொந்தக்காரனாய் நிக்கோணும்," என்கிறார். முகாமில் பிறந்த நான் மன்னாரைப் பார்த்ததே இல்லை. இப்படிப் பெயர் கொடுத்த எத்தனையோ பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் நான் கவலைப்படவில்லை.

சாப்பிடு. குளிருக்கு முன் ஸ்வெட்டர் வாங்கு.

சிவகௌரி


5 நவம்பர் 2023

கௌரி,

கிராய்டன் வேலை செய்தது. ஆனால் கேரத் மறுபடி என்னிடம் எதுவும் கேட்பதே இல்லை. வகுப்பறைச் சாவி வேண்டுமென்றால்கூட எனக்குப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்கிறார்.

மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. ஆரம்பத்தில் நானாகவே எழுந்து பின்னால் போனேன். மேசையில் இருந்த நாற்காலிகள் நிறைந்துவிட்டன, நான் இன்னொரு மேசையில் உட்கார்ந்தேன், யாரும் நகர்ந்து இடம் போடவில்லை. அதற்குப் பிறகு அறைக்கு வந்து முட்டை பொரித்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். சில நாள் பிள்ளைகள் வரும்வரைக்கும் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அப்போது பாடம் ஆரம்பித்தால் குரலே கட்டிக்கொண்டு வரும்.

பேசுவது மாரிடெஸ் ஒருத்திதான். பிலிப்பைன்ஸ்காரி. வாசலில் அவள் படத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கொடி. இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "இந்த மையத்தில் நீயும் நானும்தான் அதிக தூரம் மாற்றிப் பிறந்தவர்கள்," என்பாள்.

சொல்ல வந்தது இது. முதல் மாதச் சம்பளம் சரியாக வந்தது. போன மாதம் பாதிதான் வந்தது. பெற்றோர் இன்னும் கட்டணம் கட்டவில்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்றார் மேடம். கேரத்துக்கு முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள், மாரிடெஸ் சொன்னாள். அவளுக்கும் பாதிதான். விசாவை நீட்டிக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டையும் மேடம் வாங்கி வைத்திருக்கிறார்.

அண்ணன் வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். "ஏத்தா, சம்பளம் போட்டாகளா?" என்பதுதான் முதல் வார்த்தை. ஏஜெண்டுக்குக் கட்ட அவன் தன் குட்டி யானை வண்டியின் மேல் கடன் வாங்கியிருக்கிறான். கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் உன்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

சத்யா


13 நவம்பர் 2023

சத்யா,

நீ எழுதி ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் உன் அண்ணன் தர்மராஜ் வந்துவிட்டார். மண்டபத்துக்கு லோடு இறக்க வந்தவர் தீபாவளிக்கு உங்கள் அம்மா சுட்ட முறுக்கு டப்பாவோடு பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார்.

"டீச்சர், சத்யா ஒங்ககிட்ட ஏதும் சொன்னுச்சா? போன்ல அதுக்குக் கொரலே சரியில்ல," என்றார்.

"அங்க இப்ப குளிர் அண்ணே. தொண்டை கட்டியிருக்கும்," என்றேன்.

"சம்பளம்?"

"வெளிநாட்டுல அப்பிடித்தான், முன்னப்பின்ன ஆகும்."

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனாலும் நான் பஸ் ஏறும்வரை நின்றார். எனக்கு வாயெல்லாம் கசந்துவிட்டது. இனிமேல் அவரிடம் என்னைப் பொய் சொல்லவைக்காதே.

பாஸ்போர்ட்டைக் கொடுத்தாயே, கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும், அப்படி வாங்கத் தோன்றும் வாழ்க்கை உனக்கு அமைந்ததில்லை. நாளைக்கே போய்க் கேள்.

அப்பாவுக்கு இருமல். மழை விடவே இல்லை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

சிவகௌரி


22 டிசம்பர் 2023

கௌரி,

சீட்டுக் கேட்டேன். "என்னை நம்பவில்லையா, சாரா?" என்றார் மேடம். அப்புறம் எப்படிக் கேட்பது?

நவம்பர் சம்பளம் வரவேயில்லை. யாருக்கும் வரவில்லை, கேரத்தைத் தவிர. ஆசிரியர் அறையில் எல்லோரும் குசுகுசுவென்று பேசினோம். ஆமாம், நானும்தான், இந்த ஒரு விஷயத்துக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகக் கேட்பது என்று முடிவு. யார் முதலில் ஆரம்பிப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீ நன்றாகப் பேசுவாய், சாரா," என்றாள் மாரிடெஸ். கௌரி, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். மரியாதையாகத்தான் பேசினேன். இரண்டு மாதமாகச் சம்பளம் சரியாக வரவில்லை, நாங்கள் எல்லோரும் கஷ்டப்படுகிறோம், ஒரு தேதி சொல்லுங்கள் என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லோருமா? வேறு யாருக்கு இதே குறை?" என்று கேட்டார்.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். மாரிடெஸ் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேரத் மட்டும் வாயைத் திறந்தார். "சாராவுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்," என்றார்.

மறுநாளே என் வகுப்புகளில் பாதியை மாற்றிக்கொடுத்துவிட்டார்கள். வாசலில் இருந்த என் படத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது யாரும் என்னோடு சேர்ந்து மாடிப்படிகூட ஏறுவதில்லை. நான் ஏறினால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு கீழேயே நின்றுவிடுகிறார்கள். கையில் பாஸ்போர்ட் இல்லை, சம்பளம் இல்லை, சொந்தப் பெயர்கூட இல்லை. நான் இங்கே அகதி மாதிரி இருக்கிறேன், கௌரி.

சத்யா


24 டிசம்பர் 2023

சத்யப்பிரியா,

அந்த வார்த்தையை உன் கடிதத்தில் படித்துவிட்டு நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு ஒரு வீடு இருக்கிறது. கோபப்பட்டு ஒரு போன் செய்தால் வண்டியை விற்றாவது உன்னைக் கூட்டிவர ஒரு அண்ணன் இருக்கிறார். உன் பாஸ்போர்ட்டை ஒருத்தி மேசைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள் என்கிறாய். பூட்டிவைக்க உனக்கு ஒன்று இருந்தது. நான் முப்பது வருஷம் ஒரு ஊரில் இருந்துவிட்டு, இன்றைக்கும் முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன். அது மாதிரி, இது மாதிரி என்று எழுதுவதற்கு அது ஒரு உவமை இல்லை.

உன் மேல் இரக்கம் இருக்கிறது. இன்றைக்கு அதை எழுத எனக்கு முடியவில்லை.

சிவகௌரி


11 பிப்ரவரி 2024

கௌரி,

உன் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதி எழுதி அழித்தவை நிறைய. மன்னிப்புக் கேட்டு ஒன்று எழுதினேன், உன்மேல் கோபப்பட்டு ஒன்று எழுதினேன். இரண்டையும் அனுப்பவில்லை. நீ சொன்னது சரி. எனக்கு வலித்ததும் சரிதான்.

நேற்று இங்கே புத்தாண்டு. டெட் என்கிறார்கள். நம் ஊர்ப் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்தாற்போல. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ஆட்கள் பைக்கின் பின்னால் பூத்த மரங்களைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். மாரிடெஸ் ஹனோயில் இருக்கிற தோழிகளிடம் போய்விட்டாள். மையத்துக்கு விடுமுறை, விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. கீழ்வீட்டுக்காரர்கள் கிராமத்துக்குப் போயிருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் இப்போது நான் ஒருத்திதான்.

கடை எல்லாம் அடைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருக்கலாம். யார் சொல்வது? காலையில் அரிசி வாங்கப் போனேன். தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. ஊசி ஊசியாகத் தூறல், எலும்புக்குள் போகிற குளிர். சந்தை வரைக்கும் நடந்தேன், ஆற்றுப்பாலம் வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சிரிப்பு, பாத்திரச் சத்தம், ஊதுபத்தி வாசனை. ஒரு வீட்டு வாசலில் நின்ற கிழவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். உள்ளே கூப்பிடுகிறாரா, தள்ளிப்போ என்கிறாரா என்று விளங்காமல் நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்து படுத்த பிறகு அவர் கூப்பிட்டுத்தான் இருப்பார் என்று தோன்றியது. இருந்த பிஸ்கட்டை வெந்நீரில் தொட்டுத் தின்றேன்.

வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். பின்னால் இருந்த சுவர் தெரியாதபடி போனைப் பிடித்துக்கொண்டு, இங்கே ஒரே கொண்டாட்டம் என்று சொன்னேன். அய்யா, "நம்மூருத் திருவிழா மாதிரி இருக்குமாத்தா?" என்றார். ஆமாம் அய்யா என்றேன்.

திரும்பி வந்துவிடலாம் என்றால் பாஸ்போர்ட் மேடத்திடம். விசா இந்த மாதக் கடைசியில் முடிகிறது, அவர் நீட்டித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால், "விடுமுறை முடியட்டும்," என்கிறார். எனக்கு வழி தெரியவில்லை. நீ கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

சத்யா


12 பிப்ரவரி 2024

சத்யா,

பிஸ்கட் தின்று கொண்டாடினாயா? முதலில் ஒரு வேலை செய். நம் தூதரகத்துக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பு. நான் ஆங்கிலத்தில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். உன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடு, சாரா பெயரில் போட்டுவிடாதே. பதில் வருமா என்று தெரியாது. ஆனால் அனுப்பியது உன் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது. மையம் திறந்ததும் போய் உட்கார். சத்தம் போடாதே, அழாதே, பயமுறுத்தாதே. பெற்றோர் பிள்ளைகளைக் கூப்பிட வந்து காத்திருக்கிற இடம் ஒன்று இருக்குமே, அங்கே. யாராவது எதற்கு என்று கேட்டால், என் பாஸ்போர்ட்டுக்காகவும் சம்பளத்துக்காகவும் என்று சொல். அவ்வளவுதான். மறுநாளும் போ. வேலை செய்கிற இடத்தில் ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குத் தாங்காது. அப்பாவின் ஒரு சான்றிதழுக்காக ஒரு ஆபீஸ் வராந்தாவில் நான் இப்படி உட்கார்ந்து வாங்கியிருக்கிறேன். உன்னோடு சேர்ந்து யாரும் உட்காரமாட்டார்கள். எதிர்பார்க்காதே, அப்போதுதான் உட்கார முடியும்.

தூதரகத்துக்கு எழுதியதையும் அந்த மேடத்திடம் காட்டு.

உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு. உண்மையைச் சொல்.

ஐ.நா.காரர்கள் எங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். நீ திரும்பி வந்தால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். போகாதே என்பாயா? எனக்கே தெரியவில்லை, அதனால் உன்னையும் கேட்கவில்லை.

கோபம் போய்விட்டது. முழுதாக என்று சொல்லமாட்டேன்.

கௌரி


2 மார்ச் 2024

கௌரி,

பாஸ்போர்ட் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். பெற்றோர் காத்திருக்க ஒரு நீளமான சிவப்பு சோபா உண்டு, அதில் போய் உட்கார்ந்தேன். வரவேற்பில் இருக்கிற பெண் முதலில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேடத்திடமிருந்து போன் வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேரத் வந்தார். "சாரா, நீ உன்னையே அசிங்கப்படுத்திக்கொள்கிறாய்," என்றார். "என் பெயர் சத்யப்பிரியா," என்றேன். மாரிடெஸ் என்னைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். போனாள், வந்தாள், மறுபடி போனாள். ஒருதரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெற்றோர் வந்து எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். என் வகுப்பில் மின் என்று ஒரு சிறுமி, அவள் அம்மா போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நானும் அதிலேயே சொன்னேன். என் பாஸ்போர்ட்டையும் சம்பளத்தையும் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன், நான் லண்டனில் பிறக்கவில்லை, இந்தியாவிலிருந்து வந்தவள், உங்களிடம் அப்படிச் சொல்லவைத்தார்கள் என்றேன். அவர் படித்தார். திருப்பிப் பேசினார். போன் அதை ஆங்கிலத்தில் சொன்னது: "அது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும்."

இத்தனை மாதம் நான் பயந்து பயந்து நடந்தது எதற்கு? அந்த அம்மா என் கையை ஒருதரம் தொட்டுவிட்டு மின்னைக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாளும் அவளை அதே வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டார்.

மூன்றாம் நாள் மேடம் உள்ளே கூப்பிட்டார். தூதரகம் எனக்கு ஒரு பதில் எழுதியிருந்தது, பெரிதாக ஒன்றுமில்லை, விவரம் கேட்டுத்தான். அதையும் காட்டினேன். பாஸ்போர்ட்டை மேசைமேல் எறிந்தார். நல்ல வேளை, விசாவை நீட்டித்திருந்தார். சம்பளத்தில் ஒரு பகுதியை எண்ணிக்கொடுத்து, இதோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டுவிட்டேன். மீதியை விட்டுவிட்டேன், கௌரி. அந்த சோபாவில் இன்னொரு நாள் உட்கார எனக்குத் தெம்பில்லை. திட்டாதே.

அறைக்கு வந்ததும் மாரிடெஸிடமிருந்து செய்தி வந்தது. "எனக்கு இரண்டு பிள்ளைகள். நீ எனக்காகவும் உட்கார்ந்தாய் என்று தெரியும். மன்னித்துவிடு." பதில் இன்னும் எழுதவில்லை. மன்னிக்கவில்லை என்று எழுதினால் பொய், மன்னித்தேன் என்று எழுதினாலும் பொய்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "சாப்பிட்டியாத்தா?" என்றான். கையில் இருக்கிற பணத்துக்கு இந்த மாதக் கடைசியில்தான் டிக்கெட் கிடைத்தது. வந்ததும் முதலில் மண்டபத்துக்குத்தான் வருவேன்.

சத்யா


19 மார்ச் 2024

சத்யா,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் பார்த்தேன். எங்களுக்குத் தேதி வந்துவிட்டது. இருபத்தாறாம் தேதி சென்னையிலிருந்து விமானம். நீ வந்து இறங்குவதற்கு நாலு நாள் முன்னால்.

தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். தள்ளினால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாதாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அதற்கு மேல் கேட்கவில்லை. இங்கே இருந்தாலும் எனக்கு இதே பள்ளிக்கூடம், இதே வரிசை. அங்கே போனால் ஒரு அடையாள அட்டையாவது என் பெயரில் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏழு பி பிள்ளைகள் அழுதார்கள். உமாமகேஸ்வரி டீச்சர் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவரிடம் நான் அதிகம் கதைத்ததில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ மீதிச் சம்பளத்தை விட்டதற்குத் திட்டமாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வர முடிந்ததே, அது போதும்.

கௌரி


6 ஏப்ரல் 2024

கௌரி,

வந்துவிட்டேன். அண்ணன் மதுரை விமான நிலையத்துக்குக் குட்டி யானையிலேயே வந்திருந்தான். வழியெல்லாம் கருவேலங்காடும் வெயிலும். ஓட்டிக்கொண்டு வந்தவன் பரமக்குடியில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தான். "கடனப் பத்தி நெனைக்காத. ஓடுற வண்டிதான, அடைச்சிப்புடலாம்," என்றான். அதற்கு நான் அழுததில் இளநீர்க்காரர் பயந்துவிட்டார்.

நீ இல்லை என்று தெரிந்தும் மண்டபம் போனேன். வாசலில் என்னை உள்ளே விடவில்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சொல்ல என்னிடம் பெயர் இல்லை. பக்கத்துத் தெரு குணபூஷணி அக்கா தண்ணீர் எடுக்க வந்தவர் என்னைக் கண்டுவிட்டு ஓடி வந்தார். "அவை போயிட்டினம் தங்கச்சி. வீட்டைக்கூட வேற ஆக்களுக்குக் குடுத்திட்டினம்," என்றார். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கொஞ்ச நேரம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவருக்கும் வேலை இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்கிறார்கள், முன்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. ஊரில் எல்லோரும் ஏன் வந்துவிட்டாய் என்கிறார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறேன். உண்மையைச் சொல்ல நீ ஒருத்தி இருந்தாய், நீயும் போய்விட்டாய்.

உன் புது நம்பர் என்ன? எங்கே இருக்கிறாய்? எழுது.

சத்யா


7 ஜூலை 2024

சத்யா,

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. போன் இல்லை, பிறகு சிம் எடுக்க அடையாள அட்டை இல்லை, பிறகு இரண்டும் இருந்தும் எழுத முடியவில்லை.

மன்னாருக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவின் காணியில் முள்ளும் பற்றையும் மண்டிக் கிடந்தது. இப்போது ஒரு சித்தப்பா முறையானவர் வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். அப்பா வந்த புதிதில் தினமும் ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தார். அவரோடு படித்தவர்களில் செத்தவர்கள் போக மீதிப் பேர் கனடாவில். இப்போது எங்கும் போவதில்லை. "முகாமில எண்டா இந்நேரம் எனக்குக் கதைக்க நாலு பேர் இருந்திருப்பினம்," என்று நேற்றுச் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை வேலை. ஆங்கிலம்தான். இந்தியாவில் படித்த பட்டத்தை இங்கே அதிகாரிகள் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டுமாம், அதுவரை சம்பளம் இல்லை. பெற்றோர் சங்கம் ஏதாவது தரும் என்றார்கள். இன்னும் தரவில்லை. ஆசிரியர் அறையில் என் பெயர் இந்தியா டீச்சர். அவர்களைப்போல "வாறன்" என்னாமல் நான் "வாரேன்" என்று சொன்னாலே சிரிக்கிறார்கள். "இந்தியாவில சும்மா சோறு போட்டு வச்சிருந்தவை, ஏன் வந்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை, தெரியாமல்தான் கேட்டார். இடைவேளையில் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் வகுப்பறையிலேயே இருந்துவிடுகிறேன்.

அப்போது உன் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாயே. அப்போது நான் அதை வேகமாகப் படித்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குச் சீட்டு வாங்கினாயா என்று உன்னை அதட்டினேன். உனக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது எனக்கு யாராவது வழி சொன்னால் எரிச்சல் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருக்கிறது.

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஓகஸ்டில் இங்கே பள்ளிக்கூட விடுமுறை. வர முடியுமா? காசு இல்லை என்று தெரியும். கடன் என்றும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

கௌரி


10 ஜூலை 2024

கௌரி,

கடிதம் வந்த அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். வண்டிக்குக் கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். படுத்தபடியே, "மறுபடியும் பிளேனா? ஒரு தடவை பட்டது பத்தாதா ஒனக்கு?" என்றான்.

"வேலைக்கு இல்லண்ணே. கௌரியப் பாக்க."

சத்தம் நின்றது. மெதுவாக வெளியே வந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் முறுக்குக் குடுத்தேன்ல, அந்த டீச்சரா? அந்தப் புள்ள அங்கன தனியாவா இருக்கு?"

"அவ அப்பா இருக்கார். ஆனா தனியாத்தான் இருக்கா."

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். கழுவிவிட்டுத் திரும்பாமலே சொன்னான்:

"எப்பன்னு சொல்லு. டிக்கெட்டுப் போடுவோம்."

சத்யா